ரொட்டிக்கல் என்று நான் வைத்த பெயர்

தென்காசிப் பக்கம் செங்கலோ சிமெண்ட் கல்லோ, விரல் முட்டியால் தட்டி, காது கொடுத்துக் கேட்டுத்தான் வாங்குவோம். ணங்கென்று கேட்டால் நல்ல கல். முப்பது வருஷமாக வீடு கட்டிக் கொடுக்கிற காண்ட்ராக்டர் நான். என் காதை அப்படி நம்பினேன். அந்தக் காதில் இடி விழ!

மேலகரத்தில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்கு, ஆய்க்குடியில் ஹாலோ பிளாக் போடுகிற பெண் ஒருத்தி ஸ்கூட்டியில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு வந்தாள். அரிசி ஆலையில் வீணாகக் கொட்டுகிற உமிச்சாம்பலைச் சிமெண்டோடு கலந்து அவளே கண்டுபிடித்தது. இரண்டு வருஷம் போட்டுப் போட்டு உடைத்து, அதற்கென்று தனி அச்சும் செய்திருந்தாள்.

“வெயிட் கம்மி அண்ணாச்சி. சாரல்ல ஓதம் ஏறாது. நீங்க ஒரு சுவரு கட்டுனா போதும், ஊரே வாங்கும். இல்லைன்னா இதை நான் விட்டுர வேண்டியதுதான்.”

அவள் சொன்னது நிஜம். நான் கட்டினால் மற்றவர்களும் கட்டுவார்கள். அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, புதுசாகச் செய்கிறவர்களை நாம்தான் தூக்கிவிட வேண்டும் என்று முழங்கியிருந்தேன். கைதட்டல் வேறு. பேசுவதற்கென்ன, வாய் இருந்தால் போதுமே.

கல்லை வாங்கித் தட்டினேன். பொத்தென்றது.

“என்னம்மா, கல்லுன்னுட்டு ரொட்டியக் கொண்டு வந்திருக்க? டீயில தொட்டுத் திங்கலாம் போலுக்கே!”

கொத்தனார்கள் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், பாவம். சாயங்காலமே டீக்கடையில் ‘ரொட்டிக்கல்’ என்று பேச்சு. எங்கள் ஊரில் பட்டப்பெயர் விழுந்தால் விழுந்ததுதான். வீரகேரளம்புதூர் வரைக்கும் போய்விட்டது. ஒருத்தரும் வாங்கவில்லை.

போன ஆனியில் சாரல் விடாமல் தூறிய ஒரு நாள், சாதாரண பிளாக்குக்குச் சொல்ல அவளுடைய பட்டறைக்குப் போனேன். ஆபீஸ் அறைச் சுவரில் சாய்ந்தவன் திரும்பித் தடவிப் பார்த்தேன். ஈரமே இல்லை. குற்றாலம் ரோட்டில் இருக்கிற என் சொந்த வீடு, ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பொறுக்கிக் கட்டியது. அங்கே படுக்கையறைச் சுவரெல்லாம் பூஞ்சை.

“இது என்ன கல்லும்மா?”

“நீங்க பேரு வச்ச கல்லுதான் அண்ணாச்சி. மிஞ்சிக் கெடந்ததை வச்சுக் கட்டுனேன். ஆறு வருசமாச்சு.”

“இப்பவும் போடுதியா? நான் வாங்குதேன்.” வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன்.

“அச்சைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டேன். கலவை எழுதுன நோட்டும் எங்கன கெடக்கோ.”

கோபமே இல்லாமல் சொன்னாள். இரண்டு திட்டு திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பிறகு சாதாரணக் கல் ஒன்றை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

“தட்டிப் பாத்துக்கோங்க அண்ணாச்சி.”

எனக்குக் கை வரவில்லை.