கடைசி வரியில் செருப்புகள்

என் அக்காவை அந்த ஆஸ்பத்திரியில் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை ‘அறிக்கை அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். புதுக் கட்டடமோ, ரத்ததான முகாமோ, எதுவானாலும் ஒரே பக்கத்தில் செய்திக்குறிப்பு எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்புவது அவள் வேலை. முக்கியமானது தலையில், போனால் போகட்டும் என்பது வாலில். இடமில்லை என்றால் பத்திரிகைக்காரர்கள் வாலைத்தான் வெட்டுவார்கள்.

பேருந்து நிலையத்தில் விழுந்து கிடந்த ஒரு பெரியவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பக்கவாதத்தில் பேச்சும் எழுத்தும் போயிருந்தன; மெல்ல நடமாட மட்டும் முடிந்தது. முகமெல்லாம் வீக்கம். வெள்ளிக்கிழமைக்குள் யாரும் தேடி வராவிட்டால் காப்பகம். அங்கே போனவர் வீடு திரும்புவது குதிரைக்கொம்பு.

மேலாளர் அவர் படத்தை இணையத்தில் போட்டார். ஊரே உச்சுக்கொட்டியது, ஒருவரும் வரவில்லை.

அக்கா குறிப்பு எழுத உட்கார்ந்தாள். வார்டு ஆயா எட்டிப்பார்த்தாள்.

“உங்க பெரியவர் பண்ற கூத்தைப் பாருங்கக்கா. வாசல்ல கெடக்கற செருப்பையெல்லாம் ஜோடி சேர்த்து, முனை வெளியே பார்க்கத் திருப்பி வெச்சிருக்காரு. டாக்டரோடதையும் விடல!”

அக்கா அதைக் கடைசி வரியாகச் சேர்த்தாள். மேலாளர் படித்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

“ஏம்மா, இது அறிக்கையா, கதையா? இந்தக் காலத்துல இதையெல்லாம் யாரு படிக்கிறா? மீன் மடிக்கத்தான் ஆகும்.”

“வால்லதானே சார் இருக்கு? வேணாம்னா அவங்களே வெட்டிக்குவாங்க.”

பெரிய பத்திரிகைகள் வெட்டியும்விட்டன. அக்கா சொல்லி இதையெல்லாம் கேட்டதிலிருந்து, கடல் கடந்து இருக்கிற எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போன் போட்டேன்.

“யாராவது வந்தாங்களாக்கா?”

“ஒனக்கு அங்க வேற வேலையே இல்லையாடி?” என்றாள். பிறகு குரல் இறங்கியது. “விடிஞ்சா வியாழன்டி.”

வியாழனன்று, தொலைவிலிருந்த ஒரு சின்ன ஊர்ப் பத்திரிகையில் விளம்பரம் ஒன்று கடைசி நேரத்தில் நின்றுபோனது. காலி இடத்தை அடைக்க அக்காவின் குறிப்பை வாலோடு, அவள் தொலைபேசி எண்ணோடு, அப்படியே போட்டுவிட்டார்கள்.

மத்தியானம் அவள் மேசையில் மணி அடித்தது. ஒரு பெண்குரல்.

“செருப்பு... முனை வெளியவா பார்த்திருக்கு?”

“ஆமாம்மா.”

மறுமுனையில் அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம்.

“எங்க மாமனாருங்க! கெளம்பறவங்க கால் தடுமாறக் கூடாதுன்னு எப்பவும் அப்படித்தான் வைப்பாரு. அந்தப் படத்தையும் பார்த்தேன், யாரோ என்னமோன்னு தள்ளிட்டுப் போயிட்டேனே!”

வெள்ளிக்கிழமை காலை அந்த மருமகள் வார்டு வாசலில் செருப்பைக் கண்டபடி உதறிவிட்டு உள்ளே ஓடினாள். “மாமா!” பெரியவர் அவள் தலையைத் தடவினார். நெடுநேரம் தடவினார். அப்புறம் மெல்ல எழுந்து வாசலுக்கு நடந்தார். ஒன்று இங்கும் ஒன்று அங்குமாய்க் கிடந்த அவள் செருப்புகளைச் சேர்த்து, முனை வெளியே பார்க்க வைத்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த தன் ரப்பர் செருப்பையும் கழற்றி, அந்த ஜோடிக்குப் பக்கத்தில், அதே பக்கம் பார்த்து வைத்தார்.