தலைவாசல் கதவும் இரண்டு சின்ன சார்ஜர்களும்

எனக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். "உங்களுக்கு இது போதும்மா" என்று யாராவது சொன்னால் காது சூடாகிவிடும். திண்டுக்கல்லில் மெஷின் சாமான் விற்கிற ஒரு கடையில் அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டேதான் இரண்டு சின்ன சார்ஜர்களை வாங்கி வந்தேன். வாங்கின கதையைச் சொன்னால் இன்னும் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நானும் என் நாத்தனாரும் கதவு மாட்டுகிறவர்கள். ஜன்னல், கொசுவலை, சமையலறை அலமாரி என்று எது சொன்னாலும் போய் மாட்டுவோம். கல்யாணத்துக்கு முன்பு நான் டவுனில் ஒரு ஃபர்னிச்சர் பட்டறையில் வேலை பார்த்தேன். அங்கே பெண்களுக்கு உப்புத்தாள் தேய்க்கிற வேலை மட்டும்தான். தேய்த்துக்கொண்டே மற்றதையும் பார்த்துப் பழகிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். காலையில் எங்கள் இரண்டு பேரையும் பைகளையும் வேலையிடத்தில் இறக்கிவிட்டுப் போவார். பைக்குள் இருப்பவை வயர் இல்லாத டிரில், ஸ்க்ரூ முடுக்குகிற மெஷின், பேட்டரிகள், ஒரு சார்ஜர். அந்தச் சார்ஜர் படுத்துவிட்டால் மற்றதெல்லாம் வெறும் சுமை.

படுத்தும்விட்டது. எரியோட்டில் ஒரு வீட்டில் வேலை செய்யும்போது புகைந்து செத்துப்போனது. எங்கள் பக்கத்தில் தோட்டங்களுக்கு மூன்று பேஸ் கரண்ட் முறை வைத்துத்தான் வரும். அது இல்லாத நேரத்தில் கண்டன்சர் என்று ஒன்றைப் போட்டு, இருக்கிற இரண்டு பேஸிலேயே மோட்டாரை ஓட்டிவிடுவார்கள். செடி வாடுவதைப் பார்த்துக்கொண்டு யார் சும்மா இருப்பார்கள்? ஆனால் நாலு தோட்டத்தில் மோட்டார் ஓடினால் ஊருக்குள் மிக்ஸி அரைக்காது. எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் நின்றால் கரண்ட் திடீரென்று எகிறும். இப்படி ஏறி இறங்கித்தான் என் சார்ஜர் போனது. அப்போதே முடிவு செய்துவிட்டேன், அடுத்து வாங்குவது இந்தக் கரண்டைத் தாங்குவதாக இருக்க வேண்டும் என்று.

கடைக்காரர் பாய் நல்ல மனிதர். எனக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டுப் பெரிய பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார்.

"இதப் பாருங்கம்மா, ஃபாஸ்ட் சார்ஜர். உள்ளயே ஃபேன் இருக்கு. நீங்க டீ குடிச்சிட்டு வாரதுக்குள்ள பேட்டரி ஃபுல்லாயிரும். இப்ப கார்ப்பென்டர் எல்லாம் இதைத்தான் தூக்கிட்டுப் போறாங்க."

நான் அதைக் கவிழ்த்துப் பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். இருநூற்று இருபதிலிருந்து இருநூற்று நாற்பது வோல்ட் வரை என்று போட்டிருந்தது. எங்கள் ஊர்களில் இருநூற்று இருபதை உச்சி வெயிலில் யார் பார்த்தது? பக்கத்தில் ஃபேன் இல்லாத சின்ன சார்ஜர் ஒன்று தூசியோடு கிடந்தது. அதைக் கேட்டு வாங்கித் திருப்பினேன். நூறிலிருந்தே ஆரம்பித்தது.

"இதுல ரெண்டு குடுங்க பாய்" என்றேன்.

"அட, அது மெதுவா ஏறுமேம்மா. ஒரு பேட்டரிக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். வீட்டுல படம் மாட்டுறவங்க வாங்குறது." தானே ஒரு சமாதானத்துக்கு வந்தார். "சரி, லேடீஸ்தானே. உங்களுக்கு இது போதும்மா."

பில் போட நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு எங்கிருந்துதான் அப்படி வருமோ!

"லேடீஸுங்கிறதுக்காக வாங்கல பாய். கண்டன்சர் போட்டு மோட்டார் ஓட்டுற ஊர்ல வேலை பாக்குறேன், அதுக்காக வாங்குறேன். ஒரு பெரிசுக்குப் பதிலா ரெண்டு சின்னதுன்னா ஒரே நேரத்துல ரெண்டு பேட்டரி ஏறும். ஒண்ணு போனா ஒண்ணு இருக்கும். நீங்க சொன்ன டீய நான் மெதுவாவே குடிச்சிக்கிறேன்."

பாய் சிரித்துவிட்டார். "இம்புட்டு வெவரமா யாரும் கேட்டதில்லம்மா" என்று தூசியைத் துடைத்துக் கொடுத்தார். வெளியே வந்ததும் என் நாத்தனார்தான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். அவளுக்கு நாலு பேர் சிரித்தால் ஆகாது.

"மதினி, பெருசாவே ஒண்ணு வாங்கியிருக்கலாமோ? வேலையிடத்துல எல்லாரும் கேலி பண்ணுவாங்களே."

"பண்ணட்டும்டி. கேலி பண்ணுனா பேட்டரி எறங்கிப்போயிருமா?"

அடுத்த வேலை சித்தையன்கோட்டைப் பக்கம், மல்லிகைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு புது வீடு. பூ விற்றுச் சேர்த்ததில் ஒரு அக்கா கட்டிய வீடு அது. அந்த அக்காவின் வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தார். செங்கல் இறக்கியதிலிருந்து பெயின்ட் வரை எல்லாம் அக்கா பொறுப்பு. மேஸ்திரிதான் எங்களைக் கூப்பிட்டார். உள்ளே இருக்கிற அறைக் கதவுகள் எல்லாம் எங்களுக்கு. தலைவாசல் கதவு மட்டும் செம்பட்டிக்காரர்கள் இரண்டு பேருக்கு.

"அது ஏன் மேஸ்திரி?" என்று கேட்டேன். ஏன் என்று தெரிந்துதான் கேட்டேன்.

"ஏம்மா, தெரியாத மாதிரி கேக்குற. தலைவாசக் கதவு ஆம்பளை கைபட்டு மாட்டுறது. வழக்கம்."

அந்தக் கதவை நான் மாட்ட வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் பால் காய்ச்சுகிற அன்று, வீட்டுக்காரர்கள் உள்ளே போகும் முன்னால், தலைவாசல் கதவை மாட்டியவரைக் கூப்பிட்டுத் தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், வேட்டி, துண்டு வைத்துக் கொடுப்பார்கள். ஊரே நின்று பார்க்கும். கதவு மாட்டினது யார் என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்காரன் வேலைக்குக் கூப்பிடுவான். நாங்கள் எத்தனையோ வீட்டில் அறைக்கதவும் கக்கூஸ் கதவும் மாட்டியிருக்கிறோம். அந்த நேரத்தில் எங்களைச் சமையல் பந்தலில் காய் நறுக்கக் கூப்பிடுவார்கள். தலைவாசலைத் தொடாதவரைக்கும் நாங்கள் கொத்தனாருக்குக் கையாள் மாதிரிதான். எனக்கு வயிறு எரியும். காய் நறுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் எங்கள் கதவுகளில் இரண்டுதான் பாக்கி. புது வீட்டுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. தோட்டத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய வீட்டிலிருந்து நீளமாக ஒரு ஒல்லி வயரை இழுத்துப் போட்டிருந்தார்கள். செம்பட்டிக்காரர்கள் வந்து கதவை முற்றத்தில் சாய்த்தார்கள். வேங்கைக் கதவு, இரண்டு ஆள் இல்லாமல் நகராது. அவர்களில் மூத்தவர் மூலையில் இருந்த எங்கள் சார்ஜர்களைப் பார்த்தார்.

"என்னக்கா, போன் சார்ஜரா?"

"ஆமாண்ணே. யாருக்காச்சும் பேசணும்னா சொல்லுங்க, நம்பர் போட்டுத் தாரேன்."

இளையவர் சிரித்தார். மூத்தவர் தன் ஃபாஸ்ட் சார்ஜரைச் சுவரோரம் வைத்து வேட்டியால் ஒரு துடைப்புத் துடைத்தார். என் மெஷினும் அவர் மெஷினும் வேறு வேறு கம்பெனி, இதன் பேட்டரி அதில் சேராது. அதைச் சொல்லாமல் விட்டால் பின்னால் நடந்தது புரியாது.

அவர்கள் வெயிலில் நின்று கீல் உட்காரும் இடத்தைச் செதுக்கி, துளை போட ஆரம்பித்தார்கள். வேங்கையில் துளை போடுவது விளையாட்டில்லை. பேட்டரி கொதித்துப்போனது. அதை அப்படியே எடுத்துச் சார்ஜரில் சொருகினால், சூடு ஆறட்டும் என்று விளக்கு மாறி மாறி மின்னிக்கொண்டு நிற்கும், கரண்ட் ஏற்றாது. ஃபாஸ்ட் சார்ஜராக இருந்தாலும் அப்படித்தான். செத்த நேரம் நிழலில் வைத்தால் தானே ஆறும். அவருக்குப் பொறுக்கவில்லை. மதியம் டவுனுக்கு அனுப்பப் பூவை ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் அடுக்கியிருந்தார்கள். அதன் மூடியைத் திறந்து பேட்டரியைப் பூவுக்கு நடுவே வைத்து மூடிவிட்டார்.

"யோவ், பூப்பெட்டியில என்னத்தய்யா வைக்கிற?" என்று வீட்டுக்கார அக்கா ஓடி வந்தார்.

"ஆறட்டும்க்கா. பூ வாடாம இருக்கைல, இது ஆறாமலா போயிரும்?"

ஆறிற்று. நன்றாகவே ஆறிற்று. வெளியே எடுத்தபோது மேலெல்லாம் வேர்த்து, இடுக்கில் ஒரு மொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரத்தோடு சார்ஜரில் சொருகினார். சிவப்பு விளக்கு படபடவென்று அடித்தது. அந்தப் பேட்டரி கெட்டது என்று அர்த்தம். மல்லிகை வாசத்தோடு அது போய்ச் சேர்ந்தது.

அவரிடம் இன்னொரு பேட்டரி இருந்தது. அது காலியாகி நிழலில் ஆறிக் கிடந்தது. அதைச் சொருகும்போது சுற்றிலும் மோட்டார்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. முற்றத்தில் இருந்த டேபிள் ஃபேன் இறக்கையை எண்ணுகிற அளவுக்குச் சுற்றியது. ஃபாஸ்ட் சார்ஜருக்குள் ஃபேன் 'கிர்' என்று கிளம்பும், நிற்கும், விளக்கு அணையும். மறுபடி கிளம்பும், நிற்கும். மூத்தவர் அதைத் தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். வயர் டிரில்லைக் கொண்டுவந்து சொருகினார். அது முனகிக்கொண்டே திரும்பியது, மரத்தில் பல்லே பதியவில்லை. அந்த ஒல்லி வயரின் கோடியில் எங்கள் இரண்டு சின்னதும் மட்டும் சத்தம் போடாமல் ஏறிக்கொண்டிருந்தன.

பொழுது சாய ஆரம்பித்தது. விடிந்தால் பால் காய்ச்ச வேண்டும். வாசல் கதவில்லாமல் 'ஆ' என்று திறந்து கிடந்தது. மேஸ்திரி என்னிடம் வந்தார்.

"ஏம்மா, ஒன் மெஷினைச் செத்த நேரம் குடு. இவங்க மாட்டிட்டுத் தந்துருவாங்க."

என் நாத்தனார் மெஷினை நீட்டப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மெஷின் தனியா வராது மேஸ்திரி. மெஷின் வந்தா நானும் வருவேன்."

"எடக்குப் பண்ணாதம்மா. வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கட்டும். வழக்கத்துல சார்ஜ் இருந்தா அதையே சொருகி மாட்டச் சொல்லுங்க."

சொல்லிவிட்டேனே தவிர, இந்த மேஸ்திரி இனி கூப்பிட மாட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் முகம் சிவந்துபோய் வீட்டுக்கார அக்காவைப் பார்த்தார். அக்கா வாசலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தப் புள்ளையே மாட்டட்டும்ணே" என்றார். "விடியாம எந்திரிச்சு நான் பூப்பறிச்சுக் கட்டுன வீடு இது. எம்புட்டுச் செங்கலத் தூக்கியிருக்கேன், அப்ப ஒருத்தரும் ஆம்பளைக் கையான்னு கேக்கல. கதவுக்கு மட்டும் என்ன?"

மேஸ்திரி தண்ணீர் குடிக்கப் போனார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மேலே போட்டிருந்த சட்டையின் கையை மடித்துவிட்டேன். செம்பட்டிக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பேரும் வந்து கதவைத் தூக்கிப் பிடித்தார்கள். திரும்பி வந்த மேஸ்திரியும் ஒரு கை கொடுத்தார். பாக்கி இருந்த துளைகளைப் போட்டு, மேல் கீலில் முதல் ஸ்க்ரூவை நான் முடுக்கினேன். வேங்கை லேசில் விடவில்லை. நடுக் கீல் முடிவதற்குள் பேட்டரி இறங்கிவிட்டது.

"மதினி, இந்தா, பச்சை வந்துருச்சு!" என்று நாத்தனார் ஒரு சார்ஜரிலிருந்து பிடுங்கி ஓடி வந்தாள். அதை மாட்டி இதைக் கழற்றிக் கொடுத்தேன். கீழ்க் கீலுக்கு இன்னொன்று தேவைப்பட்டது. அதுவும் தயாராக இருந்தது. கடைசி ஸ்க்ரூவும் இறங்கியபின் ஒற்றை விரலால் கதவைத் தள்ளினேன். சத்தமில்லாமல் போய் நிலையில் உட்கார்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

விடிகாலையில் இருக்கிறதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் போய் நின்றோம். வாசலில் தட்டு தயாராக இருந்தது. மேஸ்திரி பழக்கத்தில் செம்பட்டி மூத்தவரைத்தான் கைகாட்டிக் கூப்பிட்டார். அவர் நகரவில்லை.

"அது அந்தக்கா மாட்டுன கதவுங்க" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேஸ்திரி தட்டைப் பார்த்தார், அதிலிருந்த வேட்டியைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"வேட்டி துண்டுல்ல வாங்கி வச்சிருக்கு. நீ தேங்காய் பழத்த மட்டும் எடுத்துக்கம்மா. சேலை ஒண்ணு பொறகு வாங்கித் தரச் சொல்றேன்."

"சேலை எங்கிட்ட இருக்கு மேஸ்திரி. தலைவாசக் கதவு மாட்டுனவுகளுக்கு எது வழக்கமோ அதைக் குடுங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். யாரோ அதட்டினார்கள். வீட்டுக்கார அக்கா மேஸ்திரி கையிலிருந்து தட்டை வாங்கி, வேட்டியோடும் துண்டோடும் என் கையில் கொடுத்தார். நான் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதன்பிறகுதான் வீட்டுக்காரர்கள் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார்கள்.

துண்டு நாத்தனாருக்கு. அதை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் இப்போது வேலை செய்கிறாள். வேட்டியை நாலாக மடித்து வைத்திருக்கிறேன். எந்த வேலையிடத்துக்குப் போனாலும் முதலில் அதைத் தரையில் விரித்து, அதன் மேல் சின்ன சார்ஜர் இரண்டையும் வைப்பேன். பார்க்கிறவர்களில் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார், "என்னம்மா, வீட்டுக்காரர் வேட்டியையா விரிச்சிருக்க?" என்று.

"இல்லண்ணே" என்பேன். "இது என் வேட்டி."