மலை தெரியாத லென்ஸ்

1. கன்னத்தை மூடிய துண்டு

தேவசகாயம் அண்ணன் எங்கள் ரிப்பேர் கடைக்குள் வந்தபோது தோள் துண்டை இடது கன்னத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னாண்ணா, சொத்தப் பல்லா? மிட்டாய் துன்னுற வயசா இது?" என்று கேட்டுவிட்டேன்.

பதில் சொன்னது பின்னால் வந்த அவர் மனைவி கிரேஸ்.

"பல்லு இல்லக்கா. கன்னத்துல கேன்சர். வர்ற வியாழக்கிழம வேலூர்ல ஆபரேஷன். இந்தப் பக்கத்துக் கன்னம், தாடை எலும்பு ரெண்டையும் எடுத்துட்டு, தொடையில இருந்து சதைய வெச்சித் தைப்பாங்களாம்."

என் வாயில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. அன்றைக்குத் திங்கட்கிழமை.

அண்ணன் தன் நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மஞ்சள் பையிலிருந்து பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை எடுத்து என் பெஞ்சில் வைத்தார். அதில் புதிதாகக் கடைந்த பித்தளை லென்ஸ் ஒன்று மாட்டியிருந்தது.

"முடிச்சிட்டேன் அமுதாம்மா. செட்டிங் பண்ணிக் குடு. இன்னிக்கே வேணும்."

மற்ற நாளாக இருந்தால், வேறு யாராவது இப்படிக் கேட்டிருந்தால், கேமராவைப் பையோடு திருப்பிக் கொடுத்திருப்பேன். இன்றைக்கே வேணும் என்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அவர் டீ குடிக்க வெளியே போன நேரத்தில் கிரேஸ் என் பக்கத்தில் வந்து நின்றாள். குடிபாலாவில் அங்கன்வாடி டீச்சர் அவள். எதையும் அதட்டாமல் பேசத் தெரியாதவள். அன்றைக்குக் குரலே எழும்பவில்லை.

"போன்ல ஒரு போட்டோ எடுக்க வுடமாட்டேன்றாருக்கா. எடுத்தா துண்டப் போட்டு மூடிக்கிறாரு. 'என் லென்ஸு முடியட்டும், அதுல நீ எடு, உக்கார்றேன்'னு சொல்லிக்கினே மூணு வாரம் போயிடுச்சி. எனக்கு இந்த மூஞ்சி வேணுங்க்கா. வியாழக்கிழமைக்கு முன்னால வேணும்."

2. ஜன்னல் சொல்வதும் ஃபிலிம் பார்ப்பதும்

திருப்பதியில் சர்வே கருவிகளும் லேப் மைக்ராஸ்கோப்புகளும் ரிப்பேர் பார்க்கும் கடையில் என் வேலைக்காலம் முழுவதும் போனது. கேமரா வேலை கூடவே வந்து சேர்ந்தது. தேவசகாயம் அண்ணன் சித்தூரில் லேத் டர்னர். பழைய ப்ரொஜெக்டர் கண்ணாடிகளை வாங்கி, அவற்றுக்குப் பித்தளையில் உடம்பு கடைந்து, ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் மாட்டுகிற மாதிரி லென்ஸாக்குவார். பெங்களூரிலும் சென்னையிலும் இப்போது ஃபிலிமில் எடுக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். அவர்கள் இந்த லென்ஸுக்காகக் காத்துக் கிடப்பார்கள். அவர் செய்து பாகாலா வழியாக ரயிலில் கொண்டுவருவார். நான் கேலிபிரேட் செய்து கொடுப்பேன்.

இந்த வேலை தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் நீங்கள் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. பக்கத்தில் உள்ள சின்ன ஜன்னல் வழியாகப் பார்க்கிறீர்கள். அதன் நடுவில் மஞ்சளாக ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் ஆள் இரண்டாகத் தெரிவார். லென்ஸ் வளையத்தைத் திருப்பினால், லென்ஸின் பின்பக்கம் இருக்கும் கேம் என்கிற பித்தளை விளிம்பு கேமராவுக்குள் ஒரு உருளையைத் தள்ளும். இரண்டு உருவமும் ஒன்றாகச் சேரும். சேர்ந்தால் ஃபோகஸ் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

ஜன்னல் அப்படிச் சொல்கிறது, அவ்வளவுதான். ஃபிலிம் பார்ப்பது லென்ஸ் வழியாக. இரண்டு பேரும் ஒத்துப்போகாவிட்டால் ஜன்னலில் எல்லாம் அழகாகச் சேர்ந்திருக்கும், படம் கலங்கியிருக்கும். கம்பெனியில் செய்த லென்ஸில் கண்ணாடியையும் கேமையும் ஜோடியாகவே வடிவமைத்திருப்பார்கள். கையால் செய்ததில் கண்ணாடி ஒரு இடத்தில் பிறந்தது, கேம் இன்னொரு இடத்தில் கடைந்தது. இரண்டையும் ஒத்துப்போக வைப்பதுதான் என் வேலை.

எங்கள் கடையில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. பெஞ்சில் கொலிமேட்டர் என்கிற கருவியை வைத்து இன்ஃபினிட்டி, அதாவது கண்ணுக்கெட்டாத தூரம், சரிபார்ப்போம். பிறகு மொட்டை மாடிக்கு எடுத்துப்போய்த் திருமலையைப் பார்ப்போம். பாறையின் விளிம்பு கத்தி மாதிரி நின்றால் லென்ஸ் வெளியே போகலாம். முதலாளி நாயுடு சாருக்குத் தெலுங்குதான் வரும். எந்த லென்ஸுக்கும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அமுதா, இன்ஃபினிட்டி சரிகா உந்தா?" சரியாக இருக்கிறது என்றால் பேச்சு முடிந்தது. சர்வே கருவி பார்க்கிறவர்களின் புத்தி அது. தூரம் சரியாக இருந்தால் கிட்டத்தில் தானாகச் சரியாக இருக்கும் என்று நாங்கள் எல்லோருமே நம்பினோம். கிட்டத்தில் வைத்து யாரும் பார்த்ததில்லை. தேவசகாயம் அண்ணன் சர்ச்சுக்குப் போகிறவர்தான், ஆனாலும் மலையைப் பார்க்காமல் லென்ஸை வாங்கிப் போனதே கிடையாது.

3. மொட்டை மாடி

மத்தியானத்துக்குள் கொலிமேட்டர் வேலை முடிந்தது. மூவரும் மாடிக்குப் போனோம். கேமராவை ஸ்டாண்டில் வைத்தேன். பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் இடத்தில் சொரசொரப்புக் கண்ணாடித் துண்டை ஒட்டினேன். லென்ஸ் என்ன பார்க்கிறதோ அது அந்தக் கண்ணாடியில் தலைகீழாக விழும். லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். மலை வந்திருந்தது. மடிப்பு மடிப்பாக, செடி செடியாக வந்திருந்தது.

அண்ணனும் குனிந்து பார்த்தார். "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றார். இரண்டு கையும் கேமராவில் இருந்ததால் துண்டு நழுவிவிட்டது. அப்போதுதான் அந்த வீக்கத்தைப் பார்த்தேன். பார்த்தும் பார்க்காத மாதிரி ஸ்குரூ டிரைவரைத் தேடினேன்.

"நான் ஒரு தபா பாக்கட்டுமா?" என்றாள் கிரேஸ்.

மாடிப்படி அறையின் நிழலில் அவரை உட்காரவைத்தாள். ஸ்டாண்டை ஒரு மீட்டருக்குக் கொண்டுபோனேன். அவர் அவளுக்கு ஒரே ஒரு வேலைதான் பழக்கியிருந்தார்: கண்ணைக் கட்டத்துக்குள் கொண்டுவந்து, இரண்டாகத் தெரிவதை ஒன்றாக்குவது. அதைப் பொறுமையாகச் செய்தாள். நான் லூப்பை அவள் கையில் கொடுத்துப் பின்கண்ணாடியைப் பார்க்கச் சொன்னேன். தலைகீழாகத் தெரிந்த புருஷன் முகத்தை அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"அக்கா, காதுல இருக்கற மயிரக் கூட எண்ணலாம் போலக் கீது. கண்ணு எங்க?"

"சரியா சேத்தியா?"

"சேத்தேங்க்கா. நீயே பாரு."

பார்த்தேன். ஜன்னலில் கண் சேர்ந்திருந்தது. கண்ணாடியில் காது கூர்மையாக இருந்தது. கண், மூக்கு, உதடு எல்லாம் தண்ணீரில் கரைந்த மாதிரி இருந்தன. இன்னொரு தடவை செய்தேன். அதேதான்.

கீழே போய்க் கண்ணாடியை அளந்தேன். விஷயம் பிடிபட்டது. அந்த ப்ரொஜெக்டர் கண்ணாடியின் ஃபோக்கல் லெங்த், அதாவது கண்ணாடியிலிருந்து படம் கூர்மையாக விழும் தூரம், கேமரா எதிர்பார்ப்பதைவிடக் கொஞ்சம் நீளம். தூரத்தில் அந்த வித்தியாசம் தெரியாது. ஆள் கிட்டே வர வர ஏறிக்கொண்டே போகும். ஒரு மீட்டரில் ஃபோகஸ் கண்ணுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளி அளவுக்குப் பின்னால் போய்விடுகிறது. இத்தனை லென்ஸ்களை மலையைக் காட்டி அனுப்பினோமே, அதில் எத்தனை இப்படிப் போயிருக்கும்?

ஒளி நுழையும் துவாரத்தைச் சின்னதாக்கினால் இந்தத் தப்பு மறையும். ஆனால் ப்ரொஜெக்டர் கண்ணாடியில் அதற்கான அமைப்பே கிடையாது. எப்போதும் முழுசாகத் திறந்துதான் இருக்கும். கேமைச் சரிவாகச் சீவினால் எல்லாத் தூரமும் ஒத்துவரும். அது சீவி, பார்த்து, மறுபடி சீவுகிற வேலை, வாரக்கணக்கில் ஆகும். மூன்றாவது ஒரு வழி உண்டு. கண்ணாடிக்கும் உடம்புக்கும் நடுவில் மெல்லிய பித்தளைத் தகட்டு வளையம் ஒன்றை, ஷிம் என்போம், வைத்துக் கண்ணாடியை முன்னால் தள்ளிவிடலாம். ஒரு மீட்டர் அச்சாக வந்துவிடும். தூரம் போய்விடும். பத்துப் பதினொரு மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாக வராது.

சொன்னதும் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மலை தெரியாத லென்ஸு ஒரு லென்ஸா? நான் செஞ்சதுல ஒண்ணு கூட அப்டி வெளிய போனதில்ல. ஷிம்மு வேணாம். வெச்சிட்டுப் போறேன். ஆபரேஷன் முடிஞ்சி வந்து நானே கேமைச் சீவிக்கிறேன்."

"ஆபரேஷன் முடிஞ்சி வந்து எந்த மூஞ்சிய எடுக்கறது?" என்றாள் கிரேஸ்.

"ஏய், உனக்கு இந்த வேலையப் பத்தி இன்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது." அவள் குரல் உடைந்துவிட்டது. ஆனால் நிறுத்தவில்லை. "மலை அங்கியேதான் இருக்கும். நம்ம பேரப்பசங்க காலத்துலயும் இருக்கும். இந்த மூஞ்சி வியாழக்கிழமைக்கு மேல இருக்காது. கல்யாணம் ஆனதுல இருந்து நான் இத்தப் பாத்துக்கினுதான எழுந்திருக்கறேன்? எனக்கு ஒரு மீட்டர் போதும்."

நாயுடு சாருக்குத் தமிழ் அரைகுறைதான், அவருக்கும் புரிந்துவிட்டது. எழுந்து போய் வாசலைப் பார்த்தபடி நின்றுகொண்டார். என் கண்ணில் தண்ணீர் முட்டியது. அதை மறைக்க, "கண்ணாடி மேல கை வெக்காதீங்க யாரும்" என்று சும்மா இருந்தவர்கள் மேல் எரிந்து விழுந்தேன்.

தேவசகாயம் அண்ணன் லென்ஸைக் கையில் எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஷிம் தகடு எங்க கீது?" என்றார்.

"குடுங்கண்ணா, நான் வெட்டறேன்."

"நீ வெட்டினா ஓரத்துல பிசிறு நிக்கும். கத்திரியக் குடு."

வளையத்தை அவரே வெட்டினார். வழுவழுப்பாகத் தேய்த்தார். மாட்டி மறுபடி மாடிக்குப் போனோம். இந்தத் தடவையும் கிரேஸ் லூப்பில் பார்த்தாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். நான் பார்த்தபோது இமை முடிகள் ஒவ்வொன்றாக நின்றன. அவர் துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்திருந்தார்.

கிளம்பும்போது நாயுடு சார் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

4. ஒரே ரோல்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கிரேஸ் போனில் சொன்னாள். படம் எடுத்தாயா என்று கேட்டேன். எடுத்தேன், ரோல் முடியவில்லை, அப்படியே கேமராவில் இருக்கிறது என்றாள். அதற்கு மேல் நானும் தோண்டவில்லை. அவர் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை, முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டார் என்பதெல்லாம் வேறு ஆட்கள் சொல்லித்தான் தெரிந்தது.

பல மாதம் கழித்து இருவரும் கடைக்கு வந்தார்கள். அவர் மாஸ்க் போட்டிருந்தார். கிரேஸ் ரோலைக் கொடுத்தாள்.

"முந்தாநாள் அவரே கேமராவ எடுத்து என் கையில குடுத்தாருக்கா. துண்டு இல்லாம வந்து உக்காந்தாரு. மீதி ரோல முடிச்சிட்டேன்."

கடையின் பின்னறையில் டெவலப் செய்து, காயவைத்து, விளக்குப் பெட்டியில் விரித்தேன். ஒரே பட்டையில் இரண்டு முகமும் இருந்தன. முதல் பாதியில் எனக்குத் தெரிந்த தேவசகாயம் அண்ணன். அடுத்த பாதியில் ஒரு பக்கம் குழிந்து, தையல் ஓடி, வாய் இழுத்துக்கொண்ட இன்னொருவர். முதல் பாதியை மட்டும் வெட்டிக் கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அவர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு என் கையிலிருந்த லூப்பை வாங்கினார். பழைய முகத்தைச் சட்டென்று கடந்து போனார். புது முகத்தில் நின்றார். ஒவ்வொரு ஃபிரேமாக வைத்துப் பார்த்தார்.

"கண்ணு... ஷார்ப்பா... கீது" என்றார். பாதி வாயில் வந்த பேச்சு. ஆனால் லேத்திலிருந்து இறக்கிய சாமானைப் பார்த்துப் பேசுகிற அதே குரல்தான்.

அதுவரை எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருந்த கிரேஸ் அப்போது சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இது. கையால் செய்த லென்ஸ் பெஞ்சுக்கு வந்தால் உடனே கொலிமேட்டரில் மாட்டாதீர்கள். எதை எடுக்கப்போகிறீர்கள், அது எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று கொண்டுவந்தவரைக் கேளுங்கள். எல்லாத் தூரத்துக்கும் சரியாக வருகிற கண்ணாடி எப்போதும் கிடைக்காது. எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர், நீங்கள் அல்ல. எங்கள் கடையில் இப்போது இந்தக் கேள்விக்குப் பிறகுதான் வேலை.

அன்றைக்கு அவர்கள் கிளம்பும்போது, ஷிம்மை எடுத்துவிட்டுப் பழையபடி செட் பண்ணட்டுமா என்று கேட்டேன். அண்ணன் தலையை ஆட்டி மறுத்தார். என் அலமாரியிலிருந்து ஒரு புது ரோலை அவரே எடுத்துக் கேமராவில் போட்டார். விரலால் கிரேஸைக் காட்டினார்.

"இவள... இன்னும்... ஒண்ணு கூட... எடுக்கல."

"என்னையா? தல கூட வாரல" என்றாள் கிரேஸ். கையாலேயே முடியை ஒதுக்கிக்கொண்டு என் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.