திமிங்கிலம் அமிழ்ந்த இடத்தில்

திமிங்கிலத்தை ஆராய வந்தவரின் கையில் இருந்தது தேத்தண்ணி வடிகட்டும் ஒரு வடி. நீளமான மூங்கில் கம்பின் நுனியில் நைலோன் நூலால் அதை வரிந்து கட்டியிருந்தார். நான் அப்போது திருகோணமலையில் ஒரு மீன்பிடி அலுவலகத்தில் எழுதுவினைஞன். சிங்களம் நன்றாக வரும் என்பதால், கடற்படைக்காரருக்கு விளக்கம் சொல்ல என்னை அவரோடு அனுப்பிவைத்தார்கள். என்னைப் பொறுத்தவரை கடல் என்பது கரையில் நின்று காற்று வாங்குவதற்கானது. அவ்வளவு பெரிய சீவனுக்கு இவ்வளவு சின்ன வடியா என்று எனக்குள்ளே சிரித்துக்கொண்டுதான் படகில் ஏறினேன்.

அவரை எல்லோரும் மிஸ் என்றே கூப்பிட்டோம். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பித்தவர். சண்டை சற்று ஓய்ந்து, படகுகளை மறுபடி ஆழக்கடலுக்கு விடத் தொடங்கியிருந்த காலம் அது. ஓய்ந்தது என்றுதான் சொல்லலாம். முடிந்தது என்று ஊரில் ஒருவரும் நம்பவில்லை. உப்புவெளியில் சம்மாட்டியார் ஒருவரின் இயந்திரப் படகை மிஸ் வாடகைக்குப் பேசினார். படகு அவருடையது, ஓட்டுவதும் அவரே. ஆள் கதைப்பது மிகக் குறைவு. அவருடைய ஒரே மகனைச் சில வருடங்களுக்கு முன் ஒரு சுற்றிவளைப்பில் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் திருப்பி அனுப்பவில்லை. அதன் பிறகு அந்த மனிதர் வாய் திறந்து பேசியதெல்லாம் இயந்திரத்தோடுதான்.

கரை சிறுக்கச் சிறுக்க நான் படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். பிறகு எப்படியோ பழகி, ஒரு அரைத்தூக்கம் போன்ற நிலை வந்துவிடும். கோணமலைப் பாறை நீலத்துக்குள் மெல்ல மெல்லக் கரைந்துபோகும். காற்றுத் திரும்பும் நேரங்களில் மட்டும் அதன் மேலிருக்கும் கோயிலின் மணி கேட்பதுபோல இருக்கும். அது மணிதானா என் நினைப்புத்தானா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் படகின் அடியில் காதை வைத்துக் கேட்கச் சொல்வார் மிஸ். கீழே, வெகு ஆழத்தில், யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருப்பது கேட்கும். டக், டக், டக் என்று அவசரமே இல்லாத தட்டல். திமிங்கிலங்கள் இரை தேடும் சத்தம் அது என்று அவர் சொன்னார். சொன்ன பிறகும் எனக்கு அது யாரோ வீட்டுக் கதவைத் தட்டுவதாகவே கேட்டது.

தட்டல் நின்றால் அவை மேலே வருகின்றன என்று அர்த்தம். கருங்கல் நிறத்தில், சுருக்கம் விழுந்த முதுகோடு, வாசனைத் திரவியத்துக்கான அம்பர் தரும் அந்தப் பெருந்தலைத் திமிங்கிலங்கள் எங்கள் பக்கத்தில் கிடந்து மூச்சுவிடும். தாய்மாருக்கு நடுவே குட்டியும் கிடக்கும். மூச்சின் ஈரம் எங்கள் முகத்தில் படும். நானும் அவற்றோடு சேர்ந்து மெதுவாக மூச்சு விடுவதைச் சில வேளை கவனித்திருக்கிறேன். திடீரென்று ஒன்று வாலைத் தூக்கி உள்ளே போய்விடும். அது அமிழ்ந்த இடத்தில் கடல் எண்ணெய் தடவிய தாச்சிச்சட்டிபோல வட்டமாக மினுங்கும். அந்த வட்டத்துக்குள் வெங்காயச் சருகு மாதிரி உரிந்த தோல் மிதக்கும். மிஸ் வடியை நீட்டி அதை அள்ளி, உப்புக் கரைசல் போத்தலுக்குள் போடுவார். கருவாட்டுக்கு உப்பு எப்படியோ அப்படித்தான், அழுகாமல் இருக்கும். அவ்வளவுதான் வேட்டை. கொடுத்தவருக்குத் தாம் கொடுத்ததே தெரியாது.

திரும்பி வரும்போது கடற்படைச் சோதனை. எங்கள் அடையாள அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒரு சிப்பாய், போத்தலைத் தூக்கிப் பிடித்து, திமிங்கிலத்துக்கும் அட்டை இருக்கிறதா என்று பகிடி விட்டான். நான் அதை மிஸ்ஸுக்குத் தமிழில் சொன்னேன். "அதுதான் அந்தப் போத்தலுக்குள்ள இருக்கு" என்றார் அவர். நான் அதைச் சிங்களத்தில் சொல்லவில்லை. சொல்லி வினையை விலைக்கு வாங்குவானேன்.

மத்தியானச் சாப்பாடு சம்மாட்டியார் வீட்டில். அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே அக்கா, அந்தத் தோலில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டார். மிஸ்ஸுக்கு அந்தக் கேள்வி போதும், பசி மறந்துவிடும். தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்கு வரும் ஓர் அடையாளம் அந்தத் தோலில் இருக்கிறது என்றார். பெண் திமிங்கிலங்கள் தாயோடும் சின்னம்மாவோடும் இந்தச் சூட்டுக் கடலிலேயே கூட்டமாக இருக்கும். ஆண் குட்டிகள் வளர்ந்ததும் பிரிந்து, குளிர்ந்த கடல்களுக்குத் தனியே போய்விடும். எவ்வளவு தூரம் போனாலும் தாயின் அடையாளம் கூடவே போகும். வேறு கடல்களில் எடுத்த தோலோடு ஒப்பிட்டால், இங்கே வருபவை தனிக் குடியா, உலகமெங்கும் உறவு உள்ளவையா என்று தெரிந்துவிடும். தனிக் குடி என்றால் இவை அழிந்தபின் இந்த இடத்துக்கு வேறு ஒன்றும் வராமலே போகலாம்; அதுதான் தன் கவலை என்றார்.

அக்காவின் அகப்பை அந்தரத்தில் நின்றது. "எங்கை போனாலும் கண்டுபிடிக்கலாமோ, மிஸ்?"

"ஓம் அக்கா. உலகத்தின்ர மற்றக் கரையில நிண்டாலும் ஆற்ற பிள்ளை, எந்தத் தாயின்ர பிள்ளை எண்டு சொல்லிப் போடலாம்."

மகனைப் பற்றி மிஸ்ஸுக்கு அதுவரை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. சம்மாட்டியார் சாப்பாட்டை விட்டு எழும்பிப் போனார்.

மிஸ் ஊருக்குப் புறப்பட்ட அன்று, நாங்கள் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா கரைக்கு வந்தார். சேலைத் தலைப்புக்குள் ஒரு ஜாம் போத்தல். நிறைய உப்பு. உப்புக்குள் ஒரு சுருள் தலைமயிர். மகனின் சீப்பை அத்தனை வருடமாகக் கழுவாமல் வைத்திருந்திருக்கிறார். மிஸ் செய்ததைப் பார்த்துப் பார்த்து, அதே மாதிரியே உப்பிட்டு, மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

"இதையும் அதுகளோட சேர்த்துப் பாருங்கோ, மிஸ். எந்தக் கரையில நிக்கிறான் எண்டு சொன்னாக் காணும். கூட்டி வாறதை நாங்கள் பாப்பம்."

சம்மாட்டியார் கயிற்றைச் சுருட்டுவதுபோல அந்தப் பக்கம் திரும்பி நின்றார். மிஸ் என்னைப் பார்த்தார். அன்றைக்கு என் மொழி ஒன்றும் உதவுவதாக இல்லை. அவர் போத்தலை இரண்டு கையாலும் வாங்கினார்.

"அக்கா, இது ஆற்ற பிள்ளை எண்டுதான் சொல்லும். எங்கை நிக்கிறான் எண்டு சொல்லாது."

"ஆற்ற பிள்ளை எண்டு எனக்குத் தெரியும்தானே, மிஸ்."

மிஸ் மணலில் குந்தியிருந்து அழுதார். பிறகு அக்காவைப் பக்கத்தில் இருத்தி, மெதுவாகச் சொன்னார். "அவனில இருக்கிற அடையாளம் உங்களிலயும் இருக்கு. ஒரு காலத்தில ஆராவது தேடத் தொடங்கினா, நீங்கள் போய் நிண்டாப் போதும்." போத்தலைத் திருப்பி அவர் மடியில் வைத்தார். அக்கா அதை மறுபடி சேலைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டார்.

சண்டை மறுபடி மூண்டது. படகுகள் கரையேறின. மிஸ் வெளிநாடு போனார். இங்கே வரும் திமிங்கிலங்கள் தனிக் குடியா என்பதற்கு முழு விடை கிடைக்கும் அளவுக்குத் தோல் சேரவில்லை என்று எப்போதோ தொலைபேசியில் சொன்னார். சம்மாட்டியார் காலமாகிவிட்டார். இப்போது அதே கரையிலிருந்து உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு திமிங்கிலம் பார்க்கப் படகுகள் போகின்றன. அக்கா இருக்கிறார், நன்றாக மூத்துவிட்டார். எங்காவது நிலம் தோண்டும்போது மனித எலும்பு வந்தது என்று செய்தி கேட்டால் பஸ் ஏறிப் போய் நிற்கிறார். கிளினிக் ஒன்றும் தவறவிடுவதில்லை. பிரஷர் குளிசையை நேரத்துக்குப் போடுவார், சீனி தொடமாட்டார், மழைக்கு வெளியே இறங்கமாட்டார். கிழவிக்கு உயிர்மேல் என்ன ஆசை என்று அயலில் பகிடி பண்ணுவார்கள்.

போன முறை அக்கா வீட்டுக்குப் போனபோது நானும் அந்தப் பகிடியை விட்டேன். குளிசையை விழுங்கித் தண்ணீர் குடித்துவிட்டு அக்கா சொன்னார்: "எனக்கு ஒரு ஆசையும் இல்லைத் தம்பி. நானும் போயிட்டா, அவன் ஆற்ற பிள்ளை எண்டு சொல்ல ஆர் இருக்கினம்?"