அடித்ததற்கு ஒரு சாட்சி

அனுமந்தன்பட்டி ஈஸ்வரபாண்டி திராட்சைத் தோட்டக்காரர். உழைப்பாளிதான், ஆனால் கோபம் மூக்குக்கு மேலே. வாய்க்கால் தண்ணீர் தகராறில் பக்கத்துத் தோட்டத்து வேலுச்சாமியை மம்பட்டிப் பிடியால் ஒரு போடு போட்டார். முன்பல் இரண்டும் போயிற்று. முதல் தப்பு என்பதால் கோர்ட்டில் ஜெயிலுக்கு அனுப்பவில்லை. ஒழுங்காக இருப்பதாக எழுதி வாங்கிக்கொண்டு, தேனியில் இருக்கும் நன்னடத்தை அலுவலர் உமாதேவியின் கண்காணிப்பில் விட்டார்கள். அந்தம்மா சரியில்லை என்று எழுதினால் கம்பி எண்ண வேண்டியதுதான்.

மாசாமாசம் போய்க் கையெழுத்துப் போடுவதில் சிக்கலில்லை. ஊருக்குள் வந்து விசாரிப்பேன் என்று அந்தம்மா சொன்னபோதுதான் மாட்டிக்கொண்டார். கோர்ட்டில் திட்டி அனுப்பிவிட்டார்கள், கேஸ் முடிந்தது என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாரே! நீங்கள் யாரென்று ஊரில் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினார். உமாதேவியும் இரக்கப்பட்டுச் சரி என்றார். வினை அங்கேதான் பிடித்தது.

நல்ல சேலை கட்டின ஒரு பொம்பளை டீக்கடையில் வந்து உட்கார்ந்து, நாற்பதை நெருங்கியும் பெண் கிடைக்காத ஒருத்தரைப் பற்றி, குடிப்பாரா, கை நீட்டுவாரா என்று கேட்டால் ஊர் என்ன நினைக்கும்? பெண் வீட்டார் என்றுதான் நினைக்கும். அந்த ஊர்க்காரர்கள் வரப்பை வெட்டுவார்கள், வாய்க்காலை அடைப்பார்கள். கூடி வருகிற கல்யாணத்தை மட்டும் கலைக்க மாட்டார்கள். கலைத்தவன் குடும்பம் விளங்காது என்று பயம். ஆகவே டீக்கடை விஜய்ராஜ், ஈஸ்வரபாண்டி எறும்பைக்கூட மிதிக்காமல் தாண்டிப் போகிறவர் என்றார். முந்தின நாள்தான் ஈஸ்வரபாண்டியிடம் காது கூசும்படி வாங்கிக் கட்டிக்கொண்ட பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள், அந்தப் பிள்ளையின் குரலையே கேட்டதில்லை என்று சாதித்தாள். வேலுச்சாமியோ, தென்னை மரத்திலிருந்து விழுந்ததில் பல் போயிற்று என்றுவிட்டார்.

உமாதேவி ஈஸ்வரபாண்டியின் வீட்டு வாசலில் வந்து நின்றபோது முகம் கடுகடுவென்றிருந்தது.

“ஊரையே மிரட்டி வச்சிருக்கீங்க. அடிபட்டவரே அடிபடலன்னு சொல்றாரு. இத நான் எழுதினா என்ன ஆகும் தெரியும்ல?”

ஈஸ்வரபாண்டிக்கு ஒன்றும் புரியவில்லை. தான் அடித்தது நிஜம் என்று யாராவது சொன்னால்தான் பிழைப்பு. அந்தம்மாவைக் கூட்டிக்கொண்டு வேலுச்சாமியின் தோட்டத்துக்கு ஓடினார். நான் உங்களை அடித்தேனா இல்லையா, சொல்லுங்கள் என்று மன்றாடினார். வேலுச்சாமி கண்ணைச் சிமிட்டி, இல்லவே இல்லை என்று தலையாட்டினார். மம்பட்டிப் பிடியை எடுத்து அடித்த விதத்தை நடித்துக்கூடக் காட்டினார் ஈஸ்வரபாண்டி. வருகிற சம்பந்தத்தைத் தானே கெடுத்துக்கொள்கிறானே பைத்தியக்காரன் என்று வேலுச்சாமி பல்லைக் கடித்தார், மிச்சமிருந்த பல்லை.

பழைய கோபம் சுர்ரென்று ஏறிவிட்டது. ஈஸ்வரபாண்டி கையை ஓங்கிவிட்டார். உமாதேவி பார்த்துக்கொண்டிருந்தார். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டு, அப்படியே வேலுச்சாமியின் காலில் விழுந்தார்.

“உண்மையச் சொல்லிருங்கண்ணே. தப்பு எம்மேலதான்.”

அதுவரை அவர் மன்னிப்பே கேட்டதில்லை. வேலுச்சாமி அவரைத் தூக்கி நிறுத்தினார். உமாதேவியை நாலடி தள்ளிக் கூட்டிப்போய், ரகசியம் போல ஊருக்கே கேட்கும்படி சொன்னார்:

“அடிச்சான்தாம்மா. அது தண்ணிக்காக அடிச்சது. பொண்டாட்டிய அடிக்கிற கை இல்ல அது. கண்ண மூடிக்கிட்டுப் பொண்ணக் குடுக்கலாம்.”

ஊர் தன்னைப் பெண் வீட்டாள் என்று நினைத்திருப்பது அப்போதுதான் உமாதேவிக்குப் புரிந்தது. பிறகு தான் யாரென்று சொன்னார். நடத்தை திருப்தி என்றே எழுதப் போவதாகவும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஈஸ்வரபாண்டி வரப்பிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

வேலுச்சாமி பக்கத்தில் வந்து குந்தினார். கேஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அப்பப் பொண்ணு இல்லையா?” என்றார்.