ஈர மணல்

மணலில் குப்புறப் படுத்துப் பூனையின் விலாவில் காதை வைத்தாள். உள்ளே கறகறவென்று இரைந்தது. தூக்கினாலும் சீறாத அளவுக்குத் தளர்ந்திருந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்ற பள்ளிப் பிள்ளைகள், வேடிக்கை என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

விலங்குக் காட்சிசாலையில் அவளுக்குக் குழாயக்கா என்று பெயர். பாதி ஆயுசை நீர்யானைக்குத் தண்ணீர் அடித்தே கழித்தவள். ஒரு வேளை தவறினாலும் அதன் தோல் பாளம் பாளமாக வெடித்துவிடும். கிழடாகி அது செத்தபின் இவளைப் பாலைவன அறைக்கு மாற்றினார்கள். அங்கே குழாயே கிடையாது.

அங்கே இருந்தது பாலைவனத்து மணல் பூனை. அதற்குப் பாதத்தின் அடியிலும் மயிர். சுடுமணலில் அதுதான் செருப்பு. தண்ணீரை ஏறெடுத்தும் பார்க்காது. எலியின் ரத்தத்திலிருக்கும் ஈரமே போதும். மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார். அவளும் தலையாட்டியிருந்தாள். கோடை வந்து, பூனை வளைக்குள் வாய் பிளந்து கிடந்ததைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. வாளியில் தண்ணீர் சுமந்து வந்து தெளித்தாள்.

"என்ன குழாயக்கா, பூனைக்கும் நீச்சல் பழக்குறியா?" என்றான் வாயில் காவலாளி.

"நீ உன் கேட்டைப் பாரு."

இப்போது மருத்துவர் மணலைக் கிள்ளி விரலில் உருட்டினார். உருண்டையாக நின்றது.

"எத்தனை நாளா தெளிக்கிறீங்க?"

"வெயில் ஆரம்பிச்சதுலேருந்து சார். வாயில்லா ஜீவன், தாகம்னு சொல்லுமா?"

"தாகம் அதுக்கில்லம்மா, உங்களுக்குத்தான். காஞ்ச காத்துக்குன்னே ஆன உடம்பு இது. ஈரம் நெஞ்சுல எறங்கிருச்சு."

"பொழச்சிரும்ல?"

அவர் ஊசி போட்டுவிட்டு டார்ச்சை அடித்தார். பூனை கண்ணை மூடிக்கொண்டது.

"பாருங்க சார், என்னைப் பார்த்தாலும் இப்படித்தான். நம்பித் தூங்குதுன்னு நெனச்சுக்குவேன்."

"வெளிச்சத்துல கண்ணு மின்னினா எதிரிக்கு இடத்தைக் காட்டிக் குடுத்துரும். அதான் கண்ணை மூடி ஒளிஞ்சுக்குதும்மா. இன்னும் சுதாரிப்பு இருக்கு, பார்க்கலாம்."

அவர் விட்டுப்போன டார்ச்சை அவள் கீழே வைக்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் கண்கள் மூடின. மூச்சு வந்தது அவளுக்கு.

பிள்ளைகளெல்லாம் போய், கண்ணாடிக்கு வெளியே யாருமில்லாத நேரத்தில் மறுபடி அடித்தாள். இரண்டு கண்களும் பச்சையாக மின்னின. மூடவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். மின்னிக்கொண்டேயிருந்தன.

மறுநாள் பாலைவன அறையைப் பூட்டிவைத்தார்கள். ஈர மணலை மண்வெட்டியால் வாரி வண்டியில் ஏற்றினாள். புது மணல் வந்தது, பரப்பினாள். வாளியைக் கிடங்கில் திருப்பிக் கொடுத்தாள். மதியம் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட்டாள்.