ஓரகத்தியின் காப்பர் டி

என் ஓரகத்தி மேல் எனக்குப் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் நான் புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் வேலை பார்த்தேன். பவர் மிஷினில் காலர் தைப்பேன். விளாத்திகுளத்திலிருந்து குளத்தூர் போகிற வழியில் ஒரு கரிசக்காட்டு ஊரில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறவர். அடுத்தடுத்து இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் நடக்கத் தொடங்கும்போது இளையவள் வயிற்றில் இருந்தாள். வேலை அதோடு போயிற்று.

அப்புறம்தான் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆனது. அவன் வயரிங் வேலை பார்க்கிறவன். வந்தவளுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட ஒழுங்காகத் தெரியாது. எங்கள் ஊருக்குக் கம்பெனி வேன் வரத் தொடங்கிய சமயம் அது. நான்தான் அவளை என் பழைய சூப்பர்வைசரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். முதலில் பிசிறு வெட்டினாள், பிறகு மிஷினுக்கு வந்தாள். நடுவில் ஒரு பெண் குழந்தை பெற்றாள். குழந்தைக்கு ஒரு வயது ஆனதும் அதை என்னிடமும் எங்கள் மாமியாரான அத்தையிடமும் விட்டுவிட்டு மறுபடியும் வேன் ஏறினாள். தலை நிறைய எண்ணெய் வைத்துப் படிய வாரி, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் போவதை, அவள் பிள்ளையையே இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். வேன் திரும்பியதும் உள்ளே போய்ப் பாத்திரத்தை ஓங்கி வைப்பேன். 'பைய வை, நசுங்கிரப் போவுது' என்று அத்தை சத்தம் போடுவாள்.

நான் மூன்றாவது தடவை உண்டானபோது அவள் பிள்ளைக்கு மூன்று வயது. கொல்லையில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அவள் வீட்டில் இருந்தாள். பின்னால் வந்து என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, இது பிறந்ததும் நீங்களும் காப்பர் டி வச்சிக்கிடுங்க. உடம்பு தேறட்டும்."

"நீங்களும்னா?"

"நான் வச்சிருக்கேன். பாப்பாவுக்கு மூணு மாசம் ஆகும்போதே வச்சாச்சு. அத்தைக்குத் தெரியாது. சொல்லிராதீங்க."

"கொழுந்தனுக்கு?"

"அவியதான் பைக்ல கூட்டிட்டுப் போனாவ. உள்ள போய்ட்டு வாரது வரைக்கும் பிள்ளைய வச்சிக்கிட்டு வாசல்லயே நின்னாவ."

அவள் சொன்னதில் காப்பர் டி எனக்குப் பெரிதாகப் படவில்லை. வாசலில் நின்றான் என்பதுதான் உள்ளே போய்ச் சுட்டது. என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்ட மாட்டார். ஆனால் பிள்ளை வேண்டுமா, இப்போது வேண்டுமா என்று ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. மழை வந்தால் விதைப்பது மாதிரி அது பாட்டுக்கு நடந்தது. கேட்கிற ஆம்பிளைகளும் இருக்கிறார்கள், அதுவும் ஒரே வயிற்றில் பிறந்தவன் என்று தெரிந்தபோது எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நாலாம் மாதம் எனக்குக் கலைந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்த நாட்களில் என்னை அவள்தான் பார்த்துக்கொண்டாள். வேலைக்குப் போகாமல் நான்கு நாள் லீவு போட்டாள். முருங்கைக்கீரையும் ஈரலும் ஆக்கித் தந்தாள். அவள் கையால் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே அவளை வெறுத்தேன். மனசு அப்படியும் இருக்கும் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மாசி மாதம். எங்கள் களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அத்தையும் பக்கத்து வீட்டு மதினிகள் இருவரும் உட்கார்ந்து வெளுத்துப்போன சோடை வற்றலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு ஓரத்தில் இருந்தேன். ஒரு மதினி, "சின்ன மருமவளுக்கு அடுத்தது ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டாள்.

அத்தை பெருமூச்சு விட்டாள். "அவ பாவம். வெள்ளிக்கிழமை தவறாம விரதம் இருக்கா. கோயில்ல தொட்டில் கட்டியாச்சு. சாமி கண்ணத் தெறக்கல. இந்தா இருக்காள்லா, இவளுக்குக் குடுத்தான், தங்க வைக்கத் தெரியல."

மிளகாய் நெடியில் ஏற்கெனவே கண் எரிந்துகொண்டிருந்தது. அந்த விரதத்துக்குப் பால் காய்ச்சிக் கொடுக்கிறவளும் நான்தான்.

"நீங்க ஆயிரம் தொட்டில் கட்டுங்க. அவ உள்ள காப்பர் டி வச்சிருக்கா. சாமி என்ன செய்யும்?" என்றேன்.

கையில் இருந்த மிளகாயை அத்தை கீழே போட்டாள். "ஏட்டி, என்ன சொல்லுத?"

சொன்னதைத் திருப்பி ஒரு தடவை சொன்னேன். அதற்குத்தான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். முதல் தடவை வாய் தவறியது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது தடவை அப்படி இல்லை.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியவளை அத்தை தெருவிலேயே பிடித்துக்கொண்டாள். அவள் ஒரு நிமிஷம் புரியாமல் நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் அத்தை அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "நீதான சொன்ன, நீயும் வா" என்று என்னையும் பஸ்ஸில் ஏற்றினாள். கொழுந்தன் வெளியூர் வேலையில் இருந்தான். அங்கே இருந்த நர்ஸ் அத்தை பேசியதையெல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க கொஞ்சம் சும்மா இருங்கம்மா" என்று சொல்லி அவள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. எடுக்கணுமா?"

"வேண்டாம் சிஸ்டர். இருக்கட்டும்."

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு முதல் ஆளாக பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். என் வாழ்க்கையில் எந்த விஷயத்துக்காவது நான் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கிறேனா என்று யோசித்துக்கொண்டே பின்னால் போனேன்.

கொழுந்தன் வந்து, "நாங்க ரெண்டு பேரும் பேசி எடுத்த முடிவும்மா. அவளை ஒண்ணும் சொல்லாத" என்றான். அத்தை அழுதாள், சாபம் விட்டாள். பங்குனி பிறக்கிறதற்குள் அவர்கள் புதியம்புத்தூரில் ஒரு அறை பார்த்துப் போய்விட்டார்கள். பிள்ளையை அங்கே பால்வாடியில் விட்டாளாம்.

அவள் போனால் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். அவளுக்குத் தனி வீடு, தனிப் பூட்டு சாவி. எனக்கு அத்தையும் அத்தையின் வாயும். முன்பு வேன் ஏறுகிற ஐந்து நிமிஷம் மட்டும் பொறாமைப்பட்டேன். இப்போது நாள் முழுக்க.

வைகாசியில் எனக்கு ஒரு வாரம் நாள் தள்ளிப்போனது. அந்த ஒரு வாரம் பட்ட பயத்தை எழுத வராது. தீட்டு வந்த அன்று குளித்துவிட்டு, அம்மா வீட்டுக்கென்று சொல்லி புதியம்புத்தூர் பஸ் ஏறினேன்.

அவள் கதவைத் திறந்தாள். 'வாங்கக்கா' என்று சொல்லவில்லை. ஆனால் வழிவிட்டாள். தண்ணீர் கொடுத்தாள்.

"நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

"ஆமா. சொல்லியிருக்கக் கூடாது."

சமாதானமாக அவள் வேறு ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே, "எதுக்கு வந்தீங்க?" என்றாள்.

"வைக்கும்போது வலிக்குமா?"

மடித்த துணியைக் கீழே வைத்தாள். "எனக்கு ஒரு சுருக்குன்னு இருந்துச்சு. அவ்வளவுதான். மொத மூணு மாசம் தீட்டு கூடப் போகும். எல்லாருக்கும் ஒத்துக்கிடும்னு சொல்ல முடியாது. உங்களுக்கு ரத்தம் வேற கம்மி, டாக்டரம்மாட்ட அதை மறைக்காம சொல்லுங்க. அத்தான்ட்ட பேசியாச்சா?"

"இல்ல."

"மொத அவியட்ட சொல்லுங்க. ஒளிச்சு வச்சா எவளாவது ஒருத்தி வாயில விழுந்துருவீங்க."

எனக்கு அது தேவைதான். தலையைக் குனிந்துகொண்டேன். கிளம்பும்போது அவள் பிள்ளை ஓடிவந்து 'பெரியம்மா' என்று காலைக் கட்டிக்கொண்டது. அப்போதுதான் அழுதேன்.

வண்டி கழுவிக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் போய் நின்றபடியே சொன்னேன், கொஞ்ச நாளைக்குப் பிள்ளை வேண்டாம் என்று. குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

"கேக்கணும்னு எனக்குத் தோணல" என்றார். அதில் பொய் இல்லை.

அவரே கூட்டிக்கொண்டு போனார். நான் வெளியே வந்து பார்த்தபோது வாசலில் இல்லை, எதிர்த்த டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். அதையும் ஒப்பிட்டுப் பார்த்தேன் என்றால் என் புத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் காப்பர் டி ஒத்துக்கொள்ளவில்லை. மாதத்தில் பாதி நாள் தீட்டுப் போனது, இடுப்பு கழன்றது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்துவிட்டு ஐந்தாம் மாதம் எடுத்துவிட்டார்கள். அவள் உடம்பு சத்தமில்லாமல் வைத்துக்கொண்டதை என் உடம்பு வெளியே தள்ளியது. உடம்பு விஷயத்தில்கூட அவளுக்குத்தான் கொடுப்பினை என்று திரும்பும் வழியெல்லாம் புலம்பினேன். வீட்டுக்காரர் வண்டியை ஓட்டியபடி, "வேற வழி இருக்கான்னு கேட்டியா?" என்றார். நான் கேட்கவில்லை. அவர் வண்டியை ஆஸ்பத்திரிக்கே திருப்பினார். அன்றைக்குத்தான் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடுகிற கருத்தடை ஊசியைப் பற்றிச் சொன்னார்கள்.

இப்போது ஊசியில் ஓடுகிறது. முதலில் தாறுமாறாகக் கறை பட்டது, பிறகு மெல்ல நின்றுவிட்டது. அத்தையிடம் நானே சொல்லிவிட்டேன். "ரெண்டு பேரும் சேந்து என்னைய மொட்டை மரமா ஆக்கிட்டீக" என்று ஒரு மாதம் பேசவில்லை. இளையவள் அக்காவோடு தானாகப் பள்ளிக்கூடம் போய்வரத் தொடங்கியதும் நானும் வேன் ஏறினேன். அவள் கம்பெனியில் இடம் இருந்தும் வேறு கம்பெனியில் சேர்ந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் ஒரு நாளில் தைத்ததைத் திருட்டுத்தனமாக எண்ணிக்கொண்டிருப்பேன், எனக்கு என்னைத் தெரியும்.

போன வருஷம் அவளாகப் போய்க் காப்பர் டியை எடுத்துக்கொண்டாள். மூன்றே மாதத்தில் உண்டானாள். பாப்பா பெரிய பள்ளிக்கூடம் போகட்டும், அறை மாறி வீடு ஆகட்டும் என்று காத்திருந்தார்களாம், இரண்டும் ஆகிவிட்டதாம். இரண்டாவதுக்கு வளைகாப்பு வழக்கமில்லை, கொழுந்தன் ஆசைப்பட்டு வைத்தான். அதற்கு அத்தை எல்லாவற்றையும் மறந்து முதல் பஸ்ஸிலேயே போய்விட்டாள். நான் பிள்ளைகளோடு பின்னால் போனேன்.

என் முறை வந்தபோது அவள் கையைப் பிடித்து வளையல் ஏற்றினேன். கை வீங்கியிருந்ததால் விரல் கணுவில் இறுக்கிப் பிடித்தது. "வலிக்கா?" என்றேன். "பைய போடுங்க, போயிரும்" என்றாள். எனக்கு இன்னொரு பிள்ளை வேண்டாம், சத்தியமாக வேண்டாம். ஆனாலும் அந்த மணையில் அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாளே, தான் நினைத்த மாதத்தில், தான் நினைத்தபடி என்று மனசு ஒரு பக்கம் எரிந்தது. அவளுக்கு அது தெரிந்திருக்கும். சந்தனத்தை என் கன்னத்தில் கொஞ்சம் கூடுதலாகவே அப்பிவிட்டு, "சாப்பிட்டுப் போங்கக்கா, புளியோதரை நல்லா இருக்கு" என்றாள்.

புளியோதரை நன்றாகத்தான் இருந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.